ஒரே மருந்து, இரு வேறு நோயாளிகள்

ஐரோப்பிய மருந்துகள் முகமையின் பாதுகாப்புக் குழு 2025 மே மாதத்தில் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டது. ஃபினாஸ்டரைடு மாத்திரையைச் சாப்பிடுவோரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றக் கூடும் என்பதை அக்குழு பக்க விளைவாக உறுதி செய்தது. வந்த புகார்களில் பெரும்பாலானவை, தலைமுடி உதிர்வதைத் தடுக்க 1 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றியவை.

நம் நாட்டிலும் இம்மருந்து பல பெயர்களில் விற்பனையாகிறது. ஆகவே இது எங்கோ நடக்கும் விவகாரம் அல்ல.

மருந்து பிறந்த கதை

கரிபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே சில குழந்தைகள் பெண்களாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் ஆண்களாக மாறினர். இதை ஆராய்ந்த அமெரிக்க டாக்டர் ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லியும் அவரது குழுவினரும் 1974-ல் முடிவுகளை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, அதைவிட வீரியம் மிக்க டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அக்குழந்தைகளிடம் குறைவாக இருந்தது. வளர்ந்த பின்னும் அவர்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை.

இயற்கை செய்ததை மாத்திரையால் செய்ய முடியுமா என்று முயன்றதன் விளைவே ஃபினாஸ்டரைடு. பிராஸ்டேட் வீக்கத்துக்கான 5 மில்லிகிராம் மாத்திரைக்கு அமெரிக்க அரசு 1992-ல் அனுமதி அளித்தது. வழுக்கைக்கான 1 மில்லிகிராம் மாத்திரைக்கு 1997-ல் அனுமதி கிடைத்தது.

முதியவரின் கணக்கு

வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்குகிறது. இரவில் பல முறை எழ வேண்டியிருக்கும். சிலருக்குச் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். சுமார் 3,000 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடத்தி 1998-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், இம்மருந்து அத்தகைய அடைப்பையும் ஆபரேஷன் தேவையையும் பாதிக்கு மேல் குறைத்தது. இது பெரிய நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பலன் தெரிய ஆறு மாதம் கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவை இம்மருந்து ஏறக்குறைய பாதியாக்கி விடும். மாத்திரை சாப்பிடுவது தெரியாத டாக்டர், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பி விடக் கூடும். சென்னையில் மருந்து எழுதி வாங்கிக்கொண்டு, மகன் வேலை பார்க்கும் பெங்களூரிலோ மும்பையிலோ வந்து தங்கும் முதியவர்கள் பழைய சீட்டைக் கையோடு கொண்டு வருவது அவசியம்.

இளைஞரின் கணக்கு

இளைஞரின் நிலை வேறு. வழுக்கை உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல. வெளிமாநிலத்துக்கு வந்த நம்மவர்கள் முடி கொட்டினால் முதலில் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்வார்கள். பரம்பரை வழுக்கைக்குக் காரணம் தண்ணீர் அல்ல, ஹார்மோன்தான் என்று தெரிந்ததும் மாத்திரையைத் தேடுகிறார்கள். மாத்திரையால் பலருக்குப் பலன் கிடைப்பதும் உண்மை. ஆனால் நிறுத்தினால் ஓராண்டுக்குள் முடி பழைய நிலைக்குத் திரும்பி விடும். ஆகவே இருபத்தைந்து வயதில் தொடங்குவது பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தம்.

1 மில்லிகிராம்தானே, ஐந்தில் ஒரு பங்குதானே என்று எண்ணுவதும் தவறு. ரத்தத்தில் உள்ள டி.ஹெச்.டி. அளவைப் பெரிய மாத்திரை சுமார் 70 சதவிகிதம் குறைக்கிறது. சிறிய மாத்திரையும் சுமார் 65 சதவிகிதம் குறைக்கிறது. அளவு சிறிது, வேலை சிறிதல்ல.

வழுக்கைக்கான ஆரம்பச் சோதனைகளில் பாலுறவு தொடர்பான குறைகளைச் சொன்னவர்கள் 3.8 சதவிகிதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவிகிதம். பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை என்பதே இதன் பொருள். எனினும் மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்குக் குறை நீடித்ததாக வந்த புகார்களை ஏற்று, அமெரிக்க அரசு 2012-ல் மருந்துக் குறிப்பைத் திருத்தியது.

தற்கொலை எண்ணம் பற்றிய ஐரோப்பிய ஆய்வில் ஃபினாஸ்டரைடு தொடர்பாக எடுத்துக்கொள்ளப்பட்டவை 313 நிகழ்வுகள். பல கோடிப் பேர் சாப்பிட்ட மருந்துக்கு இது சிறிய எண்ணிக்கைதான். மருந்தின் நன்மையே மிகுதி என்றும் அக்குழு கூறியது. ஆனால் இத்தகைய துன்பத்தை வெளியே சொல்பவர்கள் எத்தனை பேர்? அதிலும் வேற்று மொழி பேசும் டாக்டரிடம் அந்தரங்கக் குறையை எடுத்துச் சொல்ல நம் இளைஞர்கள் கூசுவது இயல்பே.

சீட்டு எதற்கு?

நமது மருந்து விதிகளின் ஹெச் அட்டவணையில் ஃபினாஸ்டரைடு இடம் பெற்றுள்ளது. டாக்டரின் சீட்டின்றி விற்கக் கூடாது. ஆனால் கடைகளில் பெயரைச் சொன்னாலே மாத்திரை கிடைப்பதைப் பார்க்கிறோம். கைபேசியில் நாலு கேள்விக்குப் பதில் தட்டினால் வீட்டுக்கே வந்து விடுகிறது. சீட்டு என்பது வெறும் காகிதம் அல்ல. மனச்சோர்வு உண்டா, குழந்தைப் பேற்றை எதிர்பார்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டறிவதற்கான வாய்ப்பு அது. பெரிய மாத்திரையை வாங்கி வீட்டில் உடைத்துச் சாப்பிடுவோர் ஒன்றை அறிய வேண்டும்: உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் சிசுவானால் அதன் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

பிரிட்டனில் 2024-ல் இம்மருந்துடன் எச்சரிக்கை அட்டை வைக்க ஏற்பாடு செய்தார்கள். நம் அரசும் அப்படி ஓர் அட்டையை மாநில மொழிகளிலும் தமிழிலும் வைக்கச் செய்யலாம். பக்க விளைவுகளை நோயாளியே தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதியவருக்கு இம்மருந்து ஆபரேஷனைத் தவிர்க்கும் துணை. இளைஞருக்கு அது தோற்றத்துக்காகத் தாமே விரும்பி ஏற்கும் ஆபத்து. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. விருப்பம் இளைஞருடையதாகவே இருக்கட்டும். விவரம் தெரிந்த பிறகு விரும்பட்டும். மாத்திரை தொடங்கிய பின் மனம் காரணமின்றிச் சோர்ந்தால், வழுக்கைக்காகச் சாப்பிடுபவர் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். முதியவர் தாமதமின்றி டாக்டரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும்.