இரக்கம் வேண்டா, அறிவு வேண்டும்

நீரிழிவுற்ற பிள்ளைக்குத் தமிழர் சமுதாயம் முதலில் வழங்குவது இரக்கம். அடுத்து வழங்குவது பழி. "ஐயோ பாவம், இந்த வயதிலா? மிட்டாயை அள்ளிக் கொடுத்திருப்பார்கள்" என்று பெற்றோர் செவிபடவே பேசுவர். இரண்டும் அறியாமை ஈன்ற இரட்டைப் பிள்ளைகளே.

முதல் வகை நீரிழிவு இனிப்பால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் வருவது. பாட்டனுக்கு முதுமையில் வந்த நோயும் பேரனுக்கு வந்த நோயும் பெயரால் ஒன்று, தன்மையால் வேறு. பேரனுக்கு இன்சுலினே உயிர். 1922 சனவரியில் கனடாவின் தொராந்தோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோயுற்ற பிள்ளைகளுக்கு நெடிய வாழ்வு கிடையாது. பிரிக்பீல்ட்சிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை சில கல் தொலைவே. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உண்டு. இவை அருகிருக்க, ஊசியை நிறுத்திப் பாகற்காய்ச் சாற்றை நம்பச் சொல்வோரை வைத்தியர் என்பதா, கூற்றுவர் என்பதா?

நோய் நல்லது என எந்தத் தாயும் சொல்லாள். நள்ளிரவில் எழுந்து பிள்ளையின் விரலில் குத்திக் குருதி பார்ப்பவளிடம் அப்படிக் கூறுவது கொடுமை. ஆயினும், நோயை அறிவோடு எதிர்கொள்ளும் இல்லம் அடையும் பேறுகள் உள. சோறு அளந்து பரிமாறப்படும் வீட்டில் அனைவர் உணவும் சீர்ப்படுகிறது. தந்தையும் ஊசி போடக் கற்கிறார். பத்து வயதுப் பிள்ளை மாவுச்சத்தின் கிராம்களைக் கூட்டி மருந்தளவைக் கணக்கிடப் பழகுகிறது. அமெரிக்காவின் சோனியா சோட்டோமேயர் 7 வயதில் இந்நோய்க்கு ஆளானவர். எளிய குடும்பத்துச் சிறுமியான அவர், அடுப்பில் நீரைக் கொதிக்கவைத்து ஊசியைத் தூய்மையாக்கித் தானே இட்டுக்கொண்டார். 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

இப்பேற்றைப் பறிப்போர் யாவர்? திருமணச் சந்தையை எண்ணி மகளின் நோயை மறைக்கும் பெற்றோர். "குறுக்கோட்டத்திற்கு வராதே, சுற்றுலாவுக்கு வேண்டா" என ஒதுக்கும் பள்ளியினர். மறைத்த நோயை ஆசிரியர் எவ்வாறு அறிவார்? சர்க்கரை தாழ்ந்து பிள்ளை வியர்த்து நடுங்கித் தடுமாறுகையில், குறும்பென எண்ணித் தண்டித்தால் என்னாகும்?

இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றலாகாது; உடனே மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். இவற்றைக் கற்க ஆசிரியருக்கு ஒரு பாடவேளை போதும்.

அந்த ஒரு பாடவேளையை ஒதுக்க மனமில்லாதவர் சிந்தும் கண்ணீரால் பயன் யாது? பிள்ளை வேண்டுவது வகுப்பறையில் தன் ஊசிப்பெட்டிக்கு ஓரிடம். திடலில் தன் கால்களுக்கு ஓரிடம். அவற்றைக் கொடுத்துவிட்டுப் பின்னர் இரங்கட்டும்.