இலையோரம் ஒதுக்கிய காய்கள்

பந்தியில் அமர்ந்து உண்டு எழுந்த ஒருவரின் இலையைக் கண்டே அவருடைய பிள்ளைப் பருவத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். சோறும் குழம்பும் அப்பளமும் தீர்ந்திருக்க, கத்தரிக்காயோ வெண்டைக்காயோ மட்டும் ஓரத்தில் தனித்துக் கிடக்கும். அவருக்கு வயது ஐம்பது. அக்காயின்மீது கொண்ட பகைமைக்கு வயது நாற்பத்தைந்து! அதே பந்தியில், சிறுமியாக இருந்தபோது பாகற்காய் என்றாலே அழுது அரற்றிய அம்மையார் ஒருவர், இன்று அதனை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்பார். இவ்விருவரின் நாவும் ஒரே வகையில் படைக்கப்பட்டவைதாமே, பின் ஏன் இந்த வேறுபாடு என்று நாம் வியப்பதுண்டு.

குழந்தை கசப்பை வெறுப்பது பிடிவாதம் அன்று. தாவரங்களில் உள்ள நஞ்சுகள் பல கசப்பானவை. ஆதலால் இனிப்பை விரும்பவும் கசப்பை உமிழவும் நாவு பிறவியிலேயே பழகியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வயது முதல் ஆறு வயது வரை, முன்பின் கண்டிராத எந்த உணவையும் குழந்தை ஐயத்துடன் நோக்கும். நடக்கக் கற்று, கண்ட இலையையும் காயையும் வாயிலிடும் பருவத்தில் இவ்வச்சம் அதற்கு ஒரு காவல் எனலாம். இதனை அறியாமல், தட்டைத் தள்ளிய பிள்ளையைக் கீழ்ப்படியாதவன் என்று அடிக்கும் தாய்மார் இன்றும் பலர்.

எல்லா நாவுக்கும் கசப்பு ஒரே அளவினதும் அன்று. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலாளர் ஒரு தூளைக் கையாண்டபோது, காற்றில் பறந்த துகள் கசக்கிறது என்று அருகிலிருந்தவர் முறையிட்டார். ஃபாக்ஸுக்கோ சுவையே தெரியவில்லை. இவ்வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமான மரபணு 2003-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. முட்டைக்கோசு, முள்ளங்கி, நூல்கோல் ஆகியவற்றில் இத்தூளையொத்த பொருள்கள் உள்ளன. ஆகவே, “எனக்குக் கசக்கவில்லையே, உனக்கு மட்டும் என்ன?” என்று தந்தை மகனைக் கேட்பது நியாயமான கேள்வி அன்று. உண்மையிலேயே அவனுக்குக் கசக்கக்கூடும்.

ஆயினும் நாவு பழகக்கூடியது. அப்பழக்கம் தாயின் கருவிலேயே தொடங்குகிறது. கருவுற்ற இறுதி மாதங்களில் காரட் சாறு பருகிவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர்க் காரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றதாக 2001-ல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. வளர்ந்த குழந்தைக்கு வேண்டியது மறு அறிமுகம். ஒரு காயைப் பத்து அல்லது பதினைந்து முறை சிறிதளவு சுவைத்த பின்னரே சில குழந்தைகள் அதனை ஏற்கின்றன. நம் வீடுகளிலோ மூன்றாம் முறையிலேயே, “இவனுக்கு இது பிடிக்காது” என்று தீர்ப்பெழுதி, அதனை விருந்தினரிடமும் அவன் காதுபடச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையும் அத்தீர்ப்பைத் தன் பெயரைப்போல் சுமந்து திரிகிறான்.

“கீரையைத் தின்றால் மிட்டாய் தருவேன்” என்னும் பேரமும் பயன் தருவதில்லை. லியான் பிர்ச் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், புதியதொரு பானத்தைப் பரிசுக்காக அருந்திய குழந்தைகளுக்கு அதன்மீது இருந்த விருப்பம் குறைந்துபோயிற்று. கூலி கொடுத்து உண்ணச் செய்யும் பண்டம் நல்லதாக இராது என்று பிள்ளை கணக்கிடுகிறது போலும்! அதன் கணக்கிலும் பிழை காண்பதற்கில்லை.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். பிள்ளையின் வெறுப்பு பலவேளைகளில் காயின்மீது அன்று, அதைச் சமைத்த விதத்தின்மீதே. வெண்டைக்காயை அரிந்தபின் கழுவினால் வழவழப்பு மிகும். முழுதாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பின்பு அரிந்து, மூடாமல் வதக்கிச் சிறிது புளிநீரோ மோரோ தெளித்தால் அடங்கும். முட்டைக்கோசை நெடுநேரம் வேகவைத்தால் கந்தக நாற்றம் எழும்; அரை வேக்காட்டில் இறக்கிவிட வேண்டும். பாகற்காயை வில்லைகளாக அரிந்து, உப்பும் மஞ்சள்தூளும் பிசறி, அரைமணி நேரம் வைத்துப் பிழிந்தால் கசப்பு நீரில் ஒரு பகுதி வெளியேறும். எஞ்சிய உப்பும் சும்மா இருப்பதில்லை. அது நாவில் கசப்புணர்வை அடக்குகிறது. அதன்மேல் புளியும் வெல்லமும் சேர, பருப்பும் வறுத்தரைத்த தேங்காயும் கூடிப் பிட்லையாகும்போது, கசப்பு முற்றும் ஒழியாமல் மற்றச் சுவைகளுக்குத் துணையாக நிற்கிறது. நம் பாட்டிமார் இதனை எந்த நூலிலும் படித்து அறியவில்லை. (சர்க்கரை நோயாளர் பாகற்சாற்றை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.)

நாற்பது வயதைத் தாண்டியவர்க்கு வழி இன்னும் எளிது. அகவை கூடக்கூடச் சுவையுணர்வு சற்றே மங்குகிறது. காப்பியின் கசப்பை விரும்பப் பழகிய நாவுக்குப் பாகற்காய் பெரும் பகைவன் அன்று. எனினும் குடும்பத் தலைவர்களுள் சிலர் தம் தட்டிலுள்ள கத்தரிக்காயை விரலால் ஒதுக்கிக்கொண்டே, எதிரில் அமர்ந்திருக்கும் மகளை, “மிச்சம் வைக்காமல் சாப்பிடு” என்று அதட்டுகின்றனர். அவள் தந்தையின் சொல்லைக் கேட்பதில்லை, விரலைப் பார்க்கிறாள். அத்தகைய வீட்டில் தொடங்க வேண்டியவர் தந்தையே. குழம்பில் குழைந்த கத்தரிக்காய் வேண்டா. தணலில் சுட்டுத் தோலுரித்து, பச்சைமிளகாயும் புளியும் சேர்த்துப் பிசைந்த துவையல் ஒரு கரண்டி போதும். அடுத்த வாரம் மீண்டும் ஒரு கரண்டி. மகள் கேட்டால் அவளுக்கும் சிறிது வைக்கலாம். கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டியதில்லை.