தெய்வ அங்கமும் ரயில் படியும்

2015-ம் வருஷம் டிசம்பரில் பிரதம மந்திரியார் உடல் ஊனமுற்றோருக்கு “திவ்யாங்”, அதாவது தெய்வீக அங்கமுடையோர் என்று பெயர் சூட்டினார். ரயில்வேயாரும் அப்பெயரை ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, அந்தத் தெய்வீக அங்கக்காரர் சக்கர நாற்காலியில் ஸ்டேஷனுக்கு வந்தால் நடப்பதென்ன? உயரமான பிளாட்பாரம் என்று சொல்லப்படுவதற்கும் வண்டியின் தளத்திற்குமே ஒரு அடிக்கு மேல் வித்தியாசம். ஆகவே இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்து மூட்டைபோல் தூக்கிப் போட வேண்டும். பல எக்ஸ்பிரஸ் வண்டிகளில் அவருக்கென்று ஒதுக்கிய இடமும் கோடிப் பெட்டியில், சாமான் அறைக்கும் கார்டு அறைக்கும் பக்கத்தில்தான்! வண்டி இரண்டு நிமிஷமே நிற்கும் ஊரானால் அவர் பாடு என்னாவது?

“பூர்வ ஜென்ம பாவம்” என்பார்கள் நமது வைதீகர்கள். கால் விஷயம் இருக்கட்டும். அந்தப் படியை எந்த ஜென்மத்தில் யார் செய்தது? இஞ்சினீயர் அளந்து செய்ததல்லவா? 2015-ல் ஓடத் துவங்கிய சென்னை மெட்ரோவில் பிளாட்பாரமும் வண்டியும் ஒரே மட்டம். நாற்காலி உருண்டே ஏறுகின்றது. அங்கே மட்டும் கர்மம் எங்கே ஓடிப்போயிற்று என்று கேட்கின்றோம்.

இவ்வசதிகள் யோசனையாக அல்ல, கட்டாய விதியாகவே இருக்க வேண்டுமென்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகையால் தோழர்கள் அடுத்த தடவை ஸ்டேஷனுக்குப் போகும்போது ஒரு அளவு நாடா கொண்டுபோய், பிளாட்பாரத்திற்கும் வண்டித் தளத்திற்கும் உள்ள உயரத்தை அளந்து, டிவிஷனல் மானேஜருக்கு எழுதி, நமக்கும் ஒரு நகல் அனுப்புவார்களாக.