பூ வேறு, புரை வேறு

கண் சிவந்தால் எங்கட ஆக்கள் முதலில் போகிற இடம் பாமசி. "கண் சிவந்து கிடக்கு, ஏதும் மருந்து தாங்கோ" என்றால் ஒரு சின்னப் போத்தல் கைக்கு வரும். இரண்டு நாளில் சிவப்பு இறங்கிவிடும். அந்தப் போத்தலுக்குள் ஸ்டீரொயிட் இருந்ததா என்று கேட்கிற ஆளை நாங்கள் இன்னும் காணவில்லை. மிஞ்சின மருந்து அடுத்த முறை தம்பிக்குப் போகும், பிறகு பக்கத்து வீட்டு மாமிக்கும் போகும்.

சிவப்பு இறங்கினால் வருத்தம் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. வயலில் நெல்லுத்தாள் கீறி, அந்தக் கீறலில் பங்கசு பிடித்துப் புண்ணான கண்ணுக்கும் ஸ்டீரொயிட் முதலில் ஆறுதலாகத்தான் இருக்கும். உள்ளே பங்கசுக்கு அது உரம். ஹேர்பீஸ் வைரஸால் வருகிற புண்ணுக்கும் இதே கதைதான். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும், இல்லையென்றால் ஓட்டையே விழுந்திருக்கும். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கின கண்தானச் சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது. ஊருலகத்துக்கெல்லாம் கண் கொடுத்த தீவில் ஒரு போத்தலால் கண் போவது எவ்வளவு அநியாயம்!

சிவந்த கண்ணைப் பிரித்தறியப் பெரிய மெஷின் ஒன்றும் முதலில் தேவையில்லை. மருத்துவ பீடத்தில் படிக்கிற எங்கட கூட்டாளிகளைக் கேட்டால் மூன்று கேள்வி சொல்லுவார்கள். கடும் நோவு இருக்கா? பார்வை குறைஞ்சிருக்கா? வெளிச்சம் பார்க்க ஏலாமல் கூசுதா? மூன்றுக்கும் இல்லை என்றால், பூளை தள்ளி, கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தினால், அது அநேகமாகச் சாதாரண கண்நோய். விடுதியில் ஒருத்தருக்கு வந்தால் ஒரு கிழமைக்குள் முழு மாடிக்கும் வருமே, அதுதான். பெரும்பாலும் வைரஸ். ஒன்றிரண்டு கிழமையில் தானாக மாறும். கையைக் கழுவி, துவாயைப் பிறத்தியாரோடு பகிராமல் விட்டாலே பாதி வைத்தியம் முடிஞ்சுது. மூன்றில் ஒன்றுக்காவது ஓம் என்றால் அன்றைக்கே கண் டொக்டரிடம் போக வேண்டும்.

(பார்க்கப் பயங்கரமாக, வெள்ளை விழியில் இரத்தம் பரவின மாதிரி நோவில்லாமல் சிவந்து கிடப்பது அநேகமாக ஆபத்தில்லாதது. லேசான சிவப்போடு சத்தியும் தலையிடியும் வந்தால்தான் பயப்பட வேணும். கண்ணுக்குள் அமுக்கம் திடீரென ஏறினால் அப்படித்தான் வரும். அதை வயிற்றுப் பிரட்டல் என்று நினைத்து மருந்து எடுத்தால் பார்வை போய்விடும்.)

இந்த மூன்று கேள்வியையும் மருத்துவ மாணவர் படிப்பது ஆங்கிலத்தில். கேட்க வேண்டியது தமிழில். எங்கட பிரச்சினை இங்கேதான் தொடங்குது.

கண் கிளினிக்குக்கு வருகிற அம்மம்மா பாடப்புத்தகத்தின் சொல்லில் கதைக்க மாட்டா. "கண்ணில பூ விழுந்திட்டுது" என்பா. பூ என்றால் கருவிழியில் விழுந்த தழும்பு. புரை என்றால் உள்ளே இருக்கிற வில்லை மங்கிப்போவது. புரையை ஒரு சின்ன ஒபரேசனில் எடுத்து, செயற்கை வில்லை வைத்துவிடலாம். பூவுக்கு அந்த ஒபரேசன் உதவாது. ஆனால் சில வீடுகளில் இரண்டையும் பூ என்றே சொல்லுறார்கள், ஆகவே சொல்லைக் கேட்டதோடு நிற்காமல் டோர்ச்சையும் அடித்துப் பார்க்க வேணும். நாற்பது தாண்டினவருக்கு வருகிற வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டாலே போதும். பேரிலே வெள்ளை இருக்கிறதால் அதையும் புரை என்று நினைத்துப் பயந்தவர்களை எங்களுக்குத் தெரியும். "உளையுது" என்றால் ஆழமான நோவு, "அரியுது" என்றால் அநேகமாக ஒவ்வாமை, "கரிக்குது" இன்னொன்று. "லைற்றைச் சுத்தி வளையம் தெரியுது" என்று ஒருவர் சொன்னால் காதைத் தீட்ட வேணும், அமுக்கம் ஏறுகிற கண்ணிலும் அப்படித் தெரியும். இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொல்ல எங்கட பேச்சில் வழி இருக்கிறது. கண் வோர்ட்டில் சில கிழமைப் பயிற்சியோடு வெளியே வருகிற மாணவருக்கு இதை உட்கார்த்திச் சொல்லித்தர எந்தப் பாடவேளை இருக்கு?

இது எங்கட மண்ணில் நடக்காத காரியமும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலியல், இரண வைத்தியம் என்று பாடநூல்களையும் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். படித்தவர்கள் கிராமத்தில் போய் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு மனுசனுக்கு விளங்கினது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கினது 1978இல். இன்றைக்கு அங்கே படிக்கிறவர்களில் சிங்கள மாணவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு எங்கட பிள்ளைகள் மாத்தறைக்கும், அவர்கள் மட்டக்களப்புக்கும் டொக்டராகப் போகலாம். அப்போ நோயாளியின் பேச்சைப் படிப்பது இரண்டு பக்கமும் தேவைப்படுகிற வேலை.

முழு மருத்துவப் படிப்பையும் தமிழுக்கு மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. புதுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் வருது, மேற்படிப்பும் அதில்தான். ஆனால் நோயாளியிடம் கேட்டறிவதை மாணவர் நோயாளியின் மொழியில் செய்து காட்ட வேண்டும், அதற்குப் புள்ளியும் இருக்க வேண்டும். புள்ளி இல்லாத எதையும் கம்பஸில் ஒருத்தரும் படிக்க மாட்டோம், அது எல்லாருக்கும் தெரிஞ்ச உண்மை.

கேட்பதை விடக் கஷ்டம் விளங்கப்படுத்துவது. மெதுவாக வருகிற குளுக்கோமா நோவதில்லை, சிவப்பதில்லை. பார்வை ஓரத்தில் இருந்து களவு போகும். சீனி வருத்தக்காரரின் விழித்திரையும் அப்படித்தான், கெட்டுப்போகும்போது ஒரு சத்தமும் இல்லை. "எனக்குக் கண் நல்லாத் தெரியுது தம்பி, என்னத்துக்குக் கிளினிக்?" என்று கேட்கிற ஐயாவுக்கு வருசத்துக்கு ஒருக்கா விழித்திரையைக் காட்டச் சொல்லி மனசில் படுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். குளுக்கோமாவுக்கு மருந்து விடுகிறவர் இரண்டு மாதத்தில் "விட்டும் பார்வை கூடேல்ல" என்று நிப்பாட்டிவிடுவார். "இது பார்வையைக் கூட்டுற மருந்தில்லை ஐயா, இருக்கிறதைக் காப்பாத்துற மருந்து" என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் நிப்பாட்டியிருப்பாரா? மருந்துச் சீட்டில் இதை எழுத இடமில்லை.

கலைப்பீடத்தில் மொழியியலும் நாட்டார் வழக்காற்றியலும் படிக்கிற நாங்கள் ஒவ்வொரு வருசமும் வட்டார வழக்குச் சொற்களைச் சேர்த்து ஒப்படை எழுதுகிறோம். அது அலுமாரியில் தூசி பிடிச்சுக் கிடக்குது. அதே உழைப்பை வன்னி வயல்காரர், பாசையூர் மீனவர், மலையகத் தோட்டத்து அம்மாமார் கண்ணைப் பற்றி எப்படிக் கதைக்கிறார்கள் என்று பதிவதில் போட்டால் என்ன? மருத்துவ பீடத்து ஆட்கள் பக்கத்தில் இருந்து எந்தச் சொல் எந்த வருத்தத்துக்குப் பொருந்துது என்று பார்க்கட்டும். ஒரு சின்னக் கையேடு, சிங்களத்திலும் பக்கத்துப் பத்தியோடு. இரண்டு பீடத்துக்கும் நடுவில் இருப்பது நடந்து போகிற தூரம்தான்.

அந்தக் கையேட்டில் சுண்ணாம்புக்கு ஒரு முழுப் பக்கம் விட வேண்டும். வெற்றிலைத் தட்டில் இருக்கிற சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டால், அது அசிட்டை விட ஆழமாக உள்ளே போகும். தாய்ப்பால் விடுகிறது, நந்தியாவட்டைப் பூ வைக்கிறது, ஓட்டோ பிடிக்கிறது எல்லாம் பிறகு. முதலில் தண்ணி, பைப்பைத் திறந்து அரை மணித்தியாலமாவது. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் டொக்டர் பேர், வயசு கேட்பதற்கு முதல் தண்ணிதான்.