சுலபமானது போச்சு, கஷ்டமானது மிச்சம்

மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, பலூன் மாதிரி உப்பிக்கொள்வதுதான் அனியூரிசம். நூறு பெரியவர்களில் சுமார் மூன்று பேருக்கு இது இருக்குமாம். முக்கால்வாசிப் பேருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. வெடித்தால்தான் விபரீதம்.

நான் பேச வந்தது இதில் அபூர்வமான ரகங்களைப் பற்றி. 25 மில்லிமீட்டருக்கு மேல் வீங்கிய ராட்சத ரகம், மூளைத்தண்டை ஒட்டி ஓடும் பேசிலர் தமனியில் வருவது, ஒரு பக்கம் மட்டுமில்லாமல் குழாயே சுற்றிலும் உப்பிப்போவது. மண்டையைத் திறப்பது நல்லதா, குழாய் வழியாகப் போவது நல்லதா என்று இதற்கும் பட்டிமன்றம் நடக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது "எந்த வைத்தியம்" இல்லை, "எங்கே, யார் கையால்" என்பதுதான்.

கொஞ்சம் பழைய கதை. 1937ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி, ஒரு அனியூரிசத்தின் கழுத்தில் வெள்ளி கிளிப் போட்டு மூடினார். அதற்கப்புறம் பல வருஷம் கிளிப்தான் ராஜா. 1990ல் லாஸ் ஏஞ்சலஸில் குய்தோ குக்லியெல்மி குழு, தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்பலுக்குள் பிளாட்டினம் சுருளை நிரப்பியது. இதுதான் காயில்.

2002ல் வந்த ஐசாட் ஆய்வு ஆட்டத்தையே மாற்றியது. வெடித்த அனியூரிசம் உள்ள 2,143 பேர். ஒரு வருஷம் கழித்து, இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் காயில் பக்கம் 23.7 சதவீதம், கிளிப் பக்கம் 30.6 சதவீதம். காயிலுக்குத் தெளிவான வெற்றி. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 2,143 பேர், 9,559 பேரைப் பார்த்து, "இரண்டில் எதைச் செய்தாலும் சரி" என்று தோன்றியவர்களாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, மூளையின் முன்பகுதி அனியூரிசங்கள். நம் அபூர்வ ஆசாமிகளுக்கு அந்த சராசரியில் இடமே இல்லை!

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. காயில் வந்தபின் சுலபமான கேஸ்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. கத்தி பிடிப்பவருக்கு மிஞ்சியது அகலக் கழுத்து, ராட்சத ரகம், பைபாஸ் தேவைப்படுகிறவை. முன்பெல்லாம் சுலபமானதில்தான் கை பழகும். இப்போது பழக்கம் குறைவு, வேலையோ ரொம்பக் கடினம். கொடுமை இல்லையா?

புதுக் கருவி வந்தால் சரியாகிவிடும் என்பீர்கள். 2011ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளோ டைவர்ட்டர் என்ற வலைக்குழாய், கழுத்துத் தமனியின் ராட்சத வீக்கங்களுக்குப் பெரிய வரம்தான். ஆனால் அதையே பேசிலர் பக்கத்துப் பெரிய வீக்கங்களில் போட்டுப் பார்த்த பஃபலோ நகர மருத்துவர்கள், 2012ல் வெளியிட்ட கணக்கில் ஏழு பேரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். மறைக்காமல் எழுதினார்கள் பாருங்கள், அதற்கு ஒரு சலாம். யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று அதிலிருந்து கற்று, பிறகு அதே குழு மேலான முடிவுகளைக் காட்டியது. ஆளுக்கொரு ஊரில் ஒரு கேஸ் என்று சிதறியிருந்தால் இந்தப் பாடம் கிடைத்திருக்குமா?

கனடாவில் லண்டன் என்றொரு ஊர். அங்கே சார்லஸ் டிரேக், பேசிலர் பக்கம் கை வைக்கவே பலர் பயந்த காலத்தில் ஆரம்பித்தார். 1996ல் அவரும் சகாக்களும் எழுதிய புத்தகத்தில் 1,767 நோயாளிகளின் அனுபவம் இருக்கிறது. அந்த ஊரில் மட்டும் இத்தனை பேருக்கா வந்தது? பல ஊர்களிலிருந்து அங்கே அனுப்பினார்கள்.

காமர்ஸ்காரனுக்கு இது பழகிய பாடம். சந்தை எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் தொழில் நுணுக்கம் வளரும் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எழுதிவிட்டார். அபூர்வ நோய்க்கு சந்தை சின்னது. ஆகவே கத்தியும் கம்பியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற சில மையங்களில் அவர்களைச் சேர்க்க வேண்டும். அந்த மையங்கள் தோல்விக் கணக்கையும் வெளியிட வேண்டும். நஷ்டத்தை மறைக்கிற பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார் :-)

ஒரு ஆட்சேபம் நியாயமானது. வெடித்த நோயாளியை வெகுதூரம் அலைக்கழிக்க முடியாது, முதல் நாளிலேயே மறுபடி வெடிக்கும் அபாயம் அதிகம். அங்கே ஸ்கேன் படத்தை உடனே அனுப்பி அனுபவசாலியிடம் கேட்கலாமே. வெடிக்காத ராட்சதனுக்கோ பெரும்பாலும் யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனை என்ற வசதிக்காகத் தொலைக்கக்கூடாது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. தப்பிருந்தால் பின்னூட்டத்தில் குட்டுங்கள்.