மாவு தீர்ந்தால் தோசை ஏது?

தை மாசத்தில் ஒரு ராத்திரி எங்கள் ரெட்டிபாளையத்தில் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தோம். எட்டாவது படிக்கும் என் மகள் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, நட்சத்திரமெல்லாம் எப்பவும் இவ்வளவுதானா? புதுசா பிறக்குமா?" என்றாள்.

"பேசாம தூங்குடி" என்று சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதில் என் கேள்விகளுக்குக் கிடைத்த பதில் அதுதான். பத்தாவதோடு படிப்பும் நின்றது. இவளுக்கும் அதே பதிலா? மனசு கேட்கவில்லை. மறுநாள் பக்கத்துத் தெரு சயன்ஸ் டீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை நம் அடுப்படிக் கணக்கில் உங்களுக்கும் சொல்கிறேன்.

நட்சத்திரத்துக்கு மாவு ஹைட்ரஜன் வாயு. அது குளிர்ந்து, திரண்டு, தன் பாரத்தாலேயே இறுகித்தான் நட்சத்திரமாகிறது. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம்தான் கேலக்ஸி. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி வருஷம். சுமார் 1,000 கோடி வருஷத்துக்கு முன்னால், கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி, கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்தனவாம். இப்போது அந்த வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நம் பால்வீதியில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குத்தான் புது நட்சத்திரங்கள் உருவாகின்றன.

ஏன் குறைந்தது? விடை தேடியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. புனே அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ராட்சதத் தட்டுகள் கொண்ட ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. நம் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பை அமைத்த கோவிந்த் ஸ்வரூப்தான் இதற்கும் மூலகாரணர்.

எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் சிப்பி இருக்கும். சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அது சாட்சி. வானத்திலும் அப்படித்தான். தூரத்திலிருந்து வரும் அலை, தான் புறப்பட்ட காலத்துச் சேதியையே கொண்டு வரும். 800 கோடி வருஷத்துக்கு முன் ஹைட்ரஜனிலிருந்து புறப்பட்ட ரேடியோ அலையை அந்தத் தட்டுகள் பிடித்தன. ஒரு கேலக்ஸியின் அலை மிக மெல்லியது. அதனால் பிடியரிசி சேர்ப்பது போல 7,653 கேலக்ஸிகளின் அலைகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அவற்றில் வாயு நிறையவே இருந்தது. ஆனால் செலவான வேகத்துக்கு 100, 200 கோடி வருஷம்தான் காணும். வெளியிலிருந்து வந்து சேர்ந்த புது வாயுவும் போதவில்லை. வார்க்கிற வேகத்துக்கு மாவு அரைத்துப் போடாவிட்டால் பாத்திரம் காலிதானே!

அன்று ராத்திரி மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம சூரியன்?" என்று பயந்தாள். "அது இன்னும் 500 கோடி வருஷம் தாங்கும். அதோ, வரிசையா மூணு நட்சத்திரம் தெரியுதா? அதுக்குத் தெற்கே புகை மாதிரி மங்கலா இருக்கே, அங்கே இன்னிக்கும் நட்சத்திரம் பிறந்துக்கிட்டுதான் இருக்கு" என்று காட்டினேன். வாயைப் பிளந்து பார்த்தாள். நானும்தான்.

சகோதரிகளே, "எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று பிள்ளைகளிடம் சொல்வதில் வெட்கமே இல்லை. அதட்டி அடக்கினால்தான் அடுத்த கேள்வி நம்மிடம் வராமலே போய்விடும்.