காரீயமும் கம்பெனியாரின் கருணையும்

காரீயத்தினால் மனித சமூகத்திற்கு ஏற்பட்டிருக்கும் நன்மைகளை நாம் மறுக்க வரவில்லை. சுலபத்தில் உருகுவதும், வேண்டியபடி வளைவதும், லேசில் அரித்துப் போகாததுமான உலோகம் அது. மோட்டாரைக் கிளப்பும் பாட்டரிக்கும், எக்ஸ்ரே அறையின் தடுப்புக்கும் அது பயன்படுகிறது. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) ஆனால் ஒரு வஸ்துவில் பிரயோஜனம் உண்டு என்பதற்காக, அதிலுள்ள விஷத்தை ஜனங்களுக்கு மறைக்க எவருக்காவது பாத்தியமுண்டா என்பதே நமது கேள்வி. அமெரிக்கப் பெட்ரோலின் கதை இதற்கு நல்ல பாடமாகும்.

1921ம் வருஷம் டிசம்பர் மாதம், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் காரீயச் சரக்கு ஒன்றைச் சிறிது கலந்தால் என்ஜின் தட்டும் சத்தம் அடங்குகிறதென்று கண்டார். 1923ல் அது விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் ‘எத்தில்’. அதில் காரீயம் என்ற சொல்லே இல்லை! விஷமென்பது தெரியாததா? மிட்ஜ்லியே அவ்வருஷம் காரீய விஷத்தால் பீடிக்கப்பட்டு ஓய்வெடுத்தவர். ஆல்கஹாலைக் கலந்தாலும் சத்தம் அடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆல்கஹாலை எவனும் காய்ச்சலாம். அதைப் பேடண்டு செய்து உலகத்தாரிடம் வரி வாங்க முடியாதல்லவா?

1924 அக்டோபரில் நியூஜெர்சியிலுள்ள ஸ்டாண்டர்டு ஆயில் தொழிற்சாலையில் இச்சரக்கைக் கையாண்ட தொழிலாளர்களில் 5 பேர் சித்தப்பிரமை கண்டு மாண்டார்கள். 30 பேருக்கு மேல் நோயில் வீழ்ந்தார்கள். உடனே மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களை அழைத்து, அவர்கள் முன் அச்சரக்கிலே கைகழுவி, முகர்ந்தும் காட்டினார்! 1925 மே மாதம் சர்க்கார் கூட்டிய மகாநாட்டில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற வைத்திய அம்மையார் போன்றோர் ஆபத்தை எடுத்துச் சொன்னார்கள். கம்பெனிப் பிரதிநிதியோ இதைக் கடவுளின் கொடை என்று வர்ணித்தார். 5 பிணங்களுக்கு ஜவாப் சொல்ல முடியாதபோது கடவுள் வந்துவிடுகிறார்! 1926ல் விற்பனை மறுபடியும் நடந்தது.

அதன்பின் சுமார் 40 வருஷம், கம்பெனியாரின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிச் சாலையின் தலைவரான ராபர்ட் கீஹோ, “மனித உடம்பில் காரீயம் இருப்பது இயற்கை, கெடுதி என்றால் ருஜுப்படுத்துங்கள்” என்றே சாதித்து வந்தார். பூமியின் வயதை 455 கோடி வருஷமென்று கணக்கிட்ட கிளேர் பாட்டர்சன் 1965ல், மனித உடம்பிலுள்ள காரீயம் இயற்கை அளவைப்போல் சுமார் 100 மடங்கு என்று எழுதினார். 1979ல் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் பால்பற்களைச் சோதித்து, காரீயம் மிகுந்தவர்களுக்கு அறிவுத்திறன் குறைந்திருப்பதைக் காட்டினார்.

அமெரிக்கச் சர்க்கார் 1970-களில் குறைக்க ஆரம்பித்து, 1996ல் சாலை வாகனங்களுக்கு அறவே தடுத்தது. அந்நாட்டாரின் ரத்தத்தில் சராசரி 12.8 மைக்ரோகிராமாக இருந்த காரீயம் 1991க்குள் 2.8 ஆக இறங்கிற்று. இந்தியா 2000லும், கடைசியாக அல்ஜீரியா 2021லும் நிறுத்தின. கண்டுபிடித்ததிலிருந்து ஒழிப்பதற்கு 100 வருஷம்!

நிற்க, பெட்ரோலில் ஒழிந்தது என்று நாம் தூங்கிவிட முடியாது. இன்று காரீயத்தின் பெரும்பகுதி பாட்டரிக்குப் போகிறது. பழைய பாட்டரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கும் ஏழைத் தொழிலாளி அப்புகையை மூக்கிலும், தூளை உடையிலும் சுமந்து வீட்டுக்கு வருகிறான். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்தென்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக் கொள்ளுகிறது. குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று கண்டறியப்படவே இல்லை.

ஆகவே நாம் கேட்பது பாட்டரி வேண்டாமென்பதல்ல. உருக்குவது காப்பான சாலைகளில் மாத்திரம் நடக்க வேண்டும். தொழிலாளியின் ரத்தத்தைத் தவறாமல் சோதிக்க வேண்டும். வேலையுடை வேலைத்தலத்திலேயே வெளுக்கப்பட வேண்டும். இச்செலவை லாபமடைகிறவனே ஏற்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கெடுதி என்று ருஜுப்படுத்தும் பாரம் சாகிறவன் தலையில் இருக்கக் கூடாது. கெடுதியில்லை என்று ருஜுப்படுத்தும் பாரம் விற்கிறவன் தலையில் இருக்க வேண்டும். பட்டம் பெற்றவர் சொன்னார் என்பதற்காக நம்புவதும், பஞ்சாங்கத்தில் இருக்கிறதென்று நம்புவதும் ஒன்றுதான். யார் சொன்னாலும், அவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று கேட்பதே பகுத்தறிவாகும்.